பிதாக்களின் கடனும் பிள்ளைகளின் விடுதலையும்

வேதபகுதி: எசேக்கியேல் 18, யோவான் 9:1-3, கலாத்தியர் 3:10-14

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள மண்டல புற்றுநோய் மையம் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கேரளத்திலிருந்து மட்டுமல்ல, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். அத்தகைய மருத்துவமனைகளில் தங்கியிருக்கும் விசுவாசக் குடும்பங்களின் உள்ளத்தில் நோயின் பாரத்தோடு இன்னொரு பாரமும் ஏறிவிடுகிறது. "இது எந்தப் பாட்டன் செய்த பாவமோ? எங்கள் குடும்பத்தின் மேல் என்ன சாபமோ?" என்ற கேள்வியே அது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் சிலரும், "உங்கள் தலைமுறைச் சாபம் இன்னும் முறிக்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருந்துக்குப் பணம் தேடி அலையும் ஒரு தகப்பனுக்கு இதைவிடக் கொடிய வார்த்தை வேறு இல்லை. ஆகவே இக்காரியத்தில் வேதம் சொல்லுவது என்ன என்று ஆராய்வது அவசியம்.

1. இப்போதனை பரவிய விதம்

முன்னோரின் பாவம் பின்சந்ததியைப் பிடித்து வாதிக்கும் என்ற அச்சம் எல்லா நாடுகளிலும் உண்டு. ஆனால் குடும்பத்தின் வம்ச அட்டவணையை வரைந்து, மரித்துப்போனவர்களின் பாவங்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக முறிக்க வேண்டும் என்ற முறை கிறிஸ்தவ வட்டாரங்களில் பரவியது அண்மைக் காலத்திலேயே. ஆங்கிலேய மனநல மருத்துவர் கென்னத் மெக்கால் 1982இல் வெளியிட்ட நூலும், டெரக் பிரின்ஸ் 1990இல் சாபத்தையும் ஆசீர்வாதத்தையும் பற்றி எழுதிய நூலும் இதற்கு வழிவகுத்தவற்றில் முக்கியமானவை.

திருச்சபைகள் இதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளவில்லை. போலந்து நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 2015இல் இத்தகைய தலைமுறைப் பாவ விடுதலை ஆராதனைகளைத் தடைசெய்தார்கள். ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் 2024இல் வெளியிட்ட உபதேசக் குறிப்பிலும், ஒரு மனிதன் செய்த தனிப்பட்ட பாவம் அவனுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். சபைப் பிரிவுகள் பலவானாலும், வேதத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் சந்திக்கும் இடம் இதுவே.

2. வேதம் சொல்லுவது என்ன?

பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பதாகக் கர்த்தர் சொன்னது யாத்திராகமம் 20:5இல் இருக்கிறது. ஆனால் அவ்வசனத்தின் முடிவைப் பலர் வாசிப்பதில்லை. அவரைப் பகைக்கிறவர்களைக் குறித்தே அது சொல்லப்பட்டது. பிதாவின் வழியிலேயே பிள்ளையும் நடந்து, அவரைப் பகைத்தால், பிதாவுக்கு நேரிட்டதே பிள்ளைக்கும் நேரிடும். அடுத்த வசனமோ, அவரிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் உண்டென்று சொல்லுகிறது. நாலு எங்கே, ஆயிரம் எங்கே! தேவனுடைய இருதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

பிள்ளைகளுக்காகப் பிதாக்களும், பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படலாகாது என்று மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிட்டது (உபா. 24:16). ராஜாவாகிய அமத்சியா தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது, இந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து அவர்களுடைய பிள்ளைகளைத் தப்பவிட்டான் (2 இராஜா. 14:5,6).

பாபிலோன் சிறையிருப்பில் இருந்த யூதர், தங்கள் துன்பத்திற்கெல்லாம் பிதாக்களே காரணம் என்று பழமொழி சொல்லித் திரிந்தார்கள். புளித்த திராட்சக்காயைத் தின்றவர் ஒருவர், பல் கூசுகிறவர் வேறொருவர் என்பது அதன் கருத்து. அந்தப் பழமொழியை இனி சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் மூலமாகக் கர்த்தர் ஆணையிட்டார். நீதிமானான தகப்பன், துன்மார்க்கனான மகன், அவன் பாவத்தைக் கண்டு விலகிய பேரன் என்று மூன்று தலைமுறைகளை வைத்து, அவனவன் தன்தன் வழிக்கே கணக்கு ஒப்புவிப்பான் என்று அந்த அதிகாரம் முழுவதும் விளக்குகிறது. யூதாவின் சரித்திரமும் அதற்குச் சாட்சி. துன்மார்க்கனான ஆகாசுக்கு எசேக்கியா பிறந்தான். மனாசேயின் பேரனும் ஆமோனின் மகனுமாகிய யோசியாவோ தேசத்தையே தேவனிடத்திற்குத் திருப்பினான். கோராகு கலகம்பண்ணி அழிந்துபோனான், அவன் குமாரரோ சாகவில்லை (எண். 26:11). அந்த வம்சத்தாரின் பெயரைத் தாங்கிய சங்கீதங்களைச் சபை இன்றைக்கும் பாடுகிறது.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவஞ்செய்தது இவனோ, இவனைப் பெற்றவர்களோ என்று கேட்டார்கள். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி அவர்கள் கேட்க, ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டார். அவர் அந்த மனிதனின் பாட்டன் பெயரைக் கேட்கவில்லை. அவனுக்குக் கண்களைக் கொடுத்தார். நோயாளியின் படுக்கையண்டையில் நிற்கிற ஒவ்வொருவரும் முதலாவது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

3. திருவிதாங்கூர் தரும் ஒரு பாடம்

தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு நுகத்தடியைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் கண்கூடாக அறிந்திருந்தது. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் மக்களில் 1 லட்சத்து 65 ஆயிரம் பேர் அடிமைகள். புலையர், பறையர், குறவர் முதலான சமுதாயத்தினர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். அடிமையின் பிள்ளை அடிமையாகவே பிறந்தது. 1812இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தபோதும், நிலத்தோடு கட்டுண்ட உழவடிமைகளுக்கு விடிவு பிறக்கவில்லை.

இதை அவர்களுடைய பிறவிச் சாபம் என்று அநேகர் நம்பினார்கள். அடிமைப்பட்டவர்களில் பலருங்கூட அப்படியே எண்ணப் பழக்கப்பட்டிருந்தார்கள். உலகத்தின் மறுபக்கத்திலும் இப்படியே நடந்தது. நோவா கானானைச் சபித்த வேதபகுதியைத் திரித்து (ஆதி. 9:25), ஆப்பிரிக்க மக்களை அடிமைகொள்வதற்கு அமெரிக்காவில் நியாயம் கற்பித்தவர்கள் கிறிஸ்தவர்களே. அடிமையின் மேல் சாபம் என்று சொல்லப்பட்டது, உண்மையில் எஜமானின் பாவமே. சாபம் என்ற சொல் அந்தப் பாவத்தை மறைக்கும் திரையாயிற்று.

1838இல் திருவனந்தபுரத்தில் லண்டன் மிஷன் பணியைத் தொடங்கிய ஜான் காக்ஸ் காலத்து மிஷனெரிகள், 1847இல் அடிமைகளின் விடுதலைக்காக மகாராஜாவிடம் விண்ணப்பம் செய்தார்கள். 1853இல், அரசுக்குச் சொந்தமான அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்தரர் என்று அறிவிக்கப்பட்டது. 1855இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் பிரகடனம் வெளிவந்தது. ஒருவரை அடிமை என்று சொல்லி உரிமை கோரினால் எந்த நீதிமன்றமும் அதை ஏற்கக் கூடாது, அடிமையாயிருந்தவன் என்ற காரணத்தால் ஒருவனுடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்று அது விதித்தது.

விடுதலை பெறும்படி அந்த மக்கள் தங்கள் முப்பாட்டனை முதன்முதல் விற்றவன் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மாதந்தோறும் பிரகடனத்தைத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கவுமில்லை. அதிகாரமுள்ளவர் ஒருதரம் சொன்னது போதுமாயிருந்தது. பூமியின் ராஜாவின் வார்த்தையே இப்படியானால், மரத்திலே தூக்கப்பட்டு, சாபத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, அதினின்று மீட்டுக்கொண்ட கிறிஸ்துவின் கிரியை (கலா. 3:13) எவ்வளவு நிச்சயமானது! அதற்கு இன்னொரு முறித்தலைக் கூட்டுகிறவன், சிலுவை போதவில்லை என்று சொல்லுகிறான்.

4. குற்றம் வேறு, விளைவு வேறு

அப்படியானால் முன்னோரின் பாவம் பிள்ளைகளைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது. 1855இல் சட்டம் மாறியது. வயலும் வீதியும் உடனே மாறவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1863இல், திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் அய்யன்காளி பிறந்தார். கிறிஸ்தவத்தைத் தழுவாத அவர், 1893இல் தடையை மீறி வில்வண்டியில் பொதுவீதியில் சென்றார். தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு நெடுங்காலம் போராடினார். விடுதலை பெற்றவர்கள் விடுதலையோடு நடப்பதற்கு இன்னும் ஒரு தலைமுறையின் உழைப்பு தேவைப்பட்டது. சுவிசேஷம் சென்ற இடங்களிலும் சாதி வேற்றுமை ஆலயத்தின் இருக்கைகள் வரைக்கும் பின்தொடர்ந்தது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய சரித்திரம்.

தாவீதின் வீட்டிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அவன் பாவம் நீக்கப்பட்டது என்று சொன்ன நாத்தானே, பட்டயம் அவன் வீட்டை விட்டு விலகாது என்றும் சொன்னான் (2 சாமு. 12). குற்றம் மன்னிக்கப்பட்டது, விளைவோ வீட்டில் தங்கியது. குடிக்கிற தகப்பனின் வீட்டில் கடனும் பயமும் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக வருகின்றன. மதுவுக்கு அடிமையாகும் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்லுகின்றன. ஆயினும் சாய்வு வேறு, தீர்ப்பு வேறு. அந்தப் பிள்ளைக்கு அதிக விழிப்பும், சபையின் தாங்குதலும், தேவையானால் மருத்துவ உதவியும் வேண்டும். அவன் சபிக்கப்பட்டவன் அல்ல.

ஆதாமின் வழியாய் வந்த பாவ சுபாவம் எல்லோருக்கும் பொதுவானது. அது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் மேல் மட்டும் ஒட்டியிருக்கும் தனிச் சாபம் அல்ல. அதற்கும் மருந்து ஒன்றே: கிறிஸ்துவுக்குள் புதுச் சிருஷ்டியாவது.

5. சீர்பொருந்துதலின் வழி

தலைமுறைச் சாபப் போதனையின் மிகப் பெரிய ஆபத்து, அது மனந்திரும்புதலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே. மனைவியை அடிக்கிறவன், "எங்கள் வம்சத்தில் கோபத்தின் ஆவி உண்டு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வரதட்சணை வாங்கியவன் பாட்டனின் விக்கிரகத்தைப் பற்றி ஜெபிக்கலாம். வாங்கிய பணமோ பெட்டியிலேயே இருக்கும்.

நெகேமியாவும் தானியேலும் தங்கள் பிதாக்களின் பாவத்தை அறிக்கையிட்டது மெய்யே. ஆனால் நெகேமியா தன்னையும் தன் தகப்பன் வீட்டாரையும் ஒரே அறிக்கையில் சேர்த்துக்கொண்டான் (நெகே. 1:6). பிதாக்களின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் விலகி நிற்கவில்லை.

சகேயுவின் வீட்டில் நடந்ததே சீர்பொருந்துதலின் ஒழுங்கு (லூக்கா 19:1-10). ஆண்டவர் முதலில் அவன் வீட்டுக்குள் வந்தார். அவன் தன் சொந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க முன்வந்தான். அப்பொழுது இரட்சிப்பு அந்த வீட்டிற்கு வந்ததென்று ஆண்டவர் சொன்னார். முன்னோர் சேர்த்த அநியாயச் சொத்தை அனுபவிக்கிறவர்களுக்கும், முன்னோர் வளர்த்த சாதிப் பெருமையைப் பேணுகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிதாவின் குற்றத்திற்குப் பிள்ளை பொறுப்பாளி அல்ல. ஆனால் அதைத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தால், அது அவனுடைய சொந்தப் பாவமாகிறது. முன்னோர் வழியாய் வந்த வீணான நடத்தையினின்று மீட்கும் விலையாக ஆட்டுக்குட்டியானவரின் இரத்தம் செலுத்தப்பட்டிருக்கிறது (1 பேதுரு 1:18,19). மீட்கப்பட்டவன் அந்த நடத்தையை விட்டு வெளியே வர வேண்டும்.

வியாதிப்பட்ட பிள்ளையின் அருகில் விழித்திருக்கும் பெற்றோருக்குச் சபை கொண்டுபோக வேண்டியது ஜெபமும் உணவும், ஒரு இரவாவது அவர்கள் உறங்கும்படி காவலிருக்கும் கரமும், கிறிஸ்துவின் நிச்சயமான வார்த்தையுமே. சாபத்தைச் சுமந்தவர் ஒருவர் உண்டு. இன்னொருவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

சிந்தித்துச் செயல்பட:

1. "பரம்பரை" என்று சொல்லி அறிக்கையிடாமல் விட்டிருக்கும் சொந்தப் பாவம் எது?

2. முன்னோரிடமிருந்து வந்தவற்றில் திரும்பக் கொடுக்க வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும் எவை?

3. துன்பத்திலிருக்கும் ஒரு குடும்பத்தின் மேல் சாபத்தின் பழி சுமத்தப்பட்டிருந்தால், அதை அகற்ற இந்த வாரம் அவர்களிடம் போகக்கூடியவர் யார்?