பங்குதாரர் கேட்டால் கணக்குப் புத்தகம் திறக்குமா?

டிப்ளமோ படிக்கிற நமக்குக் கம்பெனிச் சட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எங்க அத்தை வீட்டில் நடந்ததைப் பார்க்கிற வரை.

மாமா இறந்த பிறகு, சிவகாசியில் அவர்கள் குடும்பத்துப் பட்டாசுக் கம்பெனியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அத்தை பெயருக்கு வந்தது. அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மூன்று வருஷமாக டிவிடெண்ட் கிடையாது. கேட்டால் கொழுந்தனாரிடமிருந்து ஒரே பதில்: "லாபமே இல்லையே மதினி!" தீபாவளிக்கு முன்னால் லாரி லாரியாக லோடு போவது தெருவுக்கே தெரியும். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம் வேறு. "கணக்கைக் காட்டுங்க" என்றால், "அப்ப எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபம்.

கணக்குக் கேட்பது நம்ம ஊரில் தப்பா? விருதுநகரிலும் சிவகாசியிலும் உறவின்முறைகள் வியாபாரத்தில் மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய பூமி இது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டு வியாபாரம் என்றால் வழி சுலபம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 12ஆவது பிரிவுப்படி, ஒவ்வொரு கூட்டாளியும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். கம்பெனி அப்படியில்லை. சட்டத்தின் பார்வையில் கம்பெனி ஓர் ஆள், பங்குதாரர் வேறோர் ஆள். எனவே 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி காகிதங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வோம்.

1. கேட்டால் தர வேண்டியவை: உறுப்பினர் பதிவேடு (பிரிவு 94), பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பு (பிரிவு 119), தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு (பிரிவு 136). பொதுக்கூட்டக் குறிப்பைத் தர மறுத்தால் உடனே காட்டும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

2. பங்குதாரர் என்ற ஒரே காரணத்தால் கிடைக்காதவை: பேரேடு, வவுச்சர், இயக்குநர் குழுக் குறிப்பு. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையை 128ஆவது பிரிவு இயக்குநருக்குத்தான் தருகிறது.

3. வழக்குப் போட்டுப் பெறுபவை: பங்குதாரரை நசுக்கும்படி கம்பெனி நடத்தப்பட்டால் 241ஆவது பிரிவின் கீழ் மனுப் போடலாம். பத்தில் ஒரு பங்கு மூலதனம் கையில் இருந்தால் போதும். 2016 ஜூன் 1 முதல் இதை விசாரிப்பது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் சிவில் நீதிமன்ற அதிகாரம் 424ஆவது பிரிவுப்படி அதற்கும் உண்டு.

பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவது சின்ன விஷயமா? 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் பங்குகள் 1990களில் கைமாறியதை ஒட்டி எத்தனை ஆண்டுகள் தகராறு நடந்தது என்பது நம்ம கடைவீதிக்கே தெரியும்.

கடல் கடந்தும் இதே கேள்விதான். பங்குதாரர் வழக்குப் போட்டால், கம்பெனி தன் வக்கீலிடம் பெற்ற ஆலோசனையைக்கூட அவரிடம் மறைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் பழைய விதி ஒன்று இருந்தது. ஜார்டின் கம்பெனி சம்பந்தப்பட்ட பெர்முடா வழக்கில், 2025 ஜூலையில், லண்டன் பிரிவி கவுன்சில் அந்த விதிக்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட்டது. காரணம் மேலே சொன்னதுதான்: கம்பெனி தனி ஆள்.

சரி, அத்தைக்கு வருவோம். "பீரோவில இருக்கிற எல்லாத்தையும் கேளுங்க சார்" என்று மதுரை வக்கீலிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "எல்லாம்னு கேட்டா ஒண்ணும் வராதும்மா. எந்தக் காகிதம், எந்த வருஷம், எதை நிரூபிக்க? அதைச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. லாபத்தைப் பேப்பரில் குறைக்கலாம். ஆனால் வெடிமருந்துச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கிய பாக்டரி சரக்கு வரவு செலவுக்குப் பதிவேடு வைத்தே ஆக வேண்டுமே! இருப்புப் பதிவேடு, டெஸ்பாட்ச் பதிவேடு, விற்பனை பில், பாங்க் ஸ்டேட்மெண்ட். மூன்று வருஷத்துக்கு இந்த நாலு மட்டும் கேட்டோம். கொடுக்கும்படி உத்தரவும் வந்தது.

உத்தரவு வந்த வாரம், அந்தப் பாக்டரியில் சூப்பர்வைசராக இருந்த நம்மைப் போன்ற ஒரு டிப்ளமோக்காரரிடம், "பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எழுது" என்றார்களாம். அவர் எழுதவில்லை. நல்ல வேளை! சாட்சியாக வரவேண்டிய ஆவணத்தை அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 241ஆவது பிரிவுப்படி மூன்று வருஷம் வரை சிறை. எழுதச் சொன்னவர் தப்பித்தாலும், எழுதிய கையெழுத்து நம்முடையதாக இருக்கும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் "லாபமே இல்லை" என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் பாக்டரியிலும் பிரஸ்ஸிலும் ரிஜிஸ்டர் எழுதப் போகிறவர்கள். சிலர் பங்குதாரராகவும் ஆவோம். கேட்கிற இடத்தில் இருந்தால் இன்ன காகிதம் என்று பெயர் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். எழுதுகிற இடத்தில் இருந்தால் அன்றன்றைக்கு உண்மையை எழுதுங்கள். அந்த ஒரு வரியை நம்பி எங்கோ ஒரு விதவை காத்திருக்கலாம்.