அந்த 'ஆம்' யாருடைய குரல்?

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சமுத்திரம் ஏரியைப் பற்றியும் கிரிவலப் பாதை மரங்களைப் பற்றியும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: ஏரி, காடு, நிலம் சம்பந்தப்பட்ட மசோதாக்களில் நம் எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று எங்கே பார்ப்பது?

பெரும்பாலும் பார்க்க முடியாது. நம் பேரவையில் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் சொல்வார். 'ஆம்' என்று குரல் எழும். முடிந்தது. 234 பேரில் யார் ஆம் என்றார், யார் வாயே திறக்கவில்லை என்பது பெயர்வாரியாகப் பதிவாகாது. தலைகளை எண்ணும் வழக்கமும் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஆட்சி நிலைக்குமா என்பதற்கு எண்ணத் தெரிந்தவர்கள் ஏரிக்கும் எண்ணலாம். கேட்க உறுப்பினர்கள் வேண்டும்.

2023 ஏப்ரல் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடரின் கடைசி நாள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா வந்தது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அரசு அதை நிறுத்திவைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதே ஏப்ரல் 21 அன்று நில ஒருங்கிணைப்பு மசோதாவும் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகள் உள்ளடங்கிய இடத்தில் வரும் திட்டத்தைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்து, அந்த நீர்நிலையையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க வழி செய்யும் சட்டம் இது. நீர்நிலைகளைக் காக்கத்தான் இது என்பது அரசின் விளக்கம். அந்த விளக்கத்தைக் கேள்வி கேட்டுப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டாமா? விவாதமே நடக்கவில்லை. ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அப்போது உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சர் எ.வ.வேலு. அமைச்சரவை கொண்டுவந்த மசோதா என்பதால் அவருக்கும் அதில் கூட்டுப் பொறுப்பு உண்டு. அதற்குத் தனிக் குறிப்பு தேவையில்லை. மற்றவர்களின் மௌனத்தைத்தான் எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சட்டம் சென்னையில் நிறைவேறினாலும் விளைவு உங்கள் மாவட்டத்துக்கு வந்து சேரும். தொழில் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019-இல் பேரவை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்ததே, அந்தக் கதையின் வேர் இப்படிப்பட்ட சட்டங்களில் இருக்கிறது. 2019-இல் யார் கை தூக்கினார் என்று மேல்மாக்காரர்கள் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

பதிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சாட்சி. கனிமச் சட்டத் திருத்தத்தை ஆதரித்து 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அதிமுகவின் தம்பிதுரை பேசினார். அடுத்த ஆண்டு அரிட்டாபட்டிப் பகுதியின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விவகாரமானபோது திமுக அந்தப் பேச்சை எடுத்துக்காட்டியது. அதிமுக விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. 2024 டிசம்பர் 9 அன்று பேரவை ஏலத்துக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் போராட்டம்தான் முதல் காரணம். ஆனால் பேசியது எழுத்தில் இருந்ததால் யாரும் நழுவ முடியவில்லை.

அமெரிக்காவில் பாதுகாப்பு வாக்காளர் கழகம் என்ற அமைப்பு 1970களிலிருந்தே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பெண் பட்டியல் போடுகிறது. பெயர்வாரியாக வாக்கு பதிவாவதால்தான் அது முடிகிறது. இங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் வேறு இருக்கிறது: கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆகவே வாக்கை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் கட்சிக்குத்தான் போடுவோம், ஆளுக்கு அல்ல.

அதனால் வேறு விதமாகக் கணக்கெழுதச் சொல்கிறேன். மசோதா வந்த நாளில் உங்கள் உறுப்பினர் பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா, தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னாரா, வெளிநடப்புச் செய்தாரா? இவையெல்லாம் அவை நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். கேள்வி நேரத்தில் ஏரி பற்றி அமைச்சர் ஏதாவது வாக்குறுதி கொடுத்தால், அதன் கதி என்ன என்று பார்க்கப் பேரவையிலேயே உறுதிமொழிக் குழு இருக்கிறது. அதை யாரும் சட்டை செய்வதில்லை என்பது என் பெரிய வருத்தம். முதலில் உங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள்: நீர்நிலை பற்றிய மசோதா அடுத்து வரும்போது எண்ணிக் கணிக்கச் சொல்லிக் கேட்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்