உருவம் ஒன்று; உள்ளமைப்பு வேறு

நுழையும்முன்

மூக்கு, மணம் அறியும் புலன் மட்டுமன்று; உள்ளே நுழையும் காற்றைத் தூய்மைப்படுத்தும் வாயிற்காவலும் ஆகும். அக்காவல் எல்லை மீறினால், காக்க வந்த செல்களே இருப்பிடத்தைச் சிதைத்துவிடும். அதற்குச் சான்றாக அமைவதே மூக்குச் சதை வளர்ச்சி.

திசுவின் மாற்றம்

மூக்கின் உட்புறத்தைக் குறு இழைகளைக் கொண்ட எபிதீலியத் திசு போர்த்தியுள்ளது. இதனிடையே அமைந்த கோப்பை வடிவச் செல்கள் சளியைச் சுரக்கின்றன. அச்சளியில் ஒட்டிய தூசியையும் கிருமிகளையும் குறு இழைகள் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அழற்சி நீடிக்கும்போது, இத்திசுவின் அடியிலுள்ள இணைப்புத் திசுவில் நீர் கோக்கிறது. வீங்கிய பகுதி, தோலுரித்த திராட்சையைப் போல வெளிறித் தொங்குகிறது. பெயரில் ‘சதை’ இருப்பினும் இதில் தசைத்திசு இல்லை. இது மூச்சைத் தடுக்கிறது; மணமறியும் ஆற்றலையும் குறைக்கிறது.

நுண்ணோக்கியில் ஆராய்ந்த அறிஞர்கள் இதனை நால்வகைப்படுத்துவர். நீர் கோத்து, ஈசினோஃபில்கள் மிகுந்திருப்பது முதல் வகை, பெரும்பாலானவை இவ்வகையினவே. நாரிழைகள் மிகுந்தது இரண்டாவது. சுரப்பிகள் பெருகியது மூன்றாவது. இணைப்புத் திசுச் செல்கள் இயல்பு திரிந்து தோன்றும் நான்காம் வகை மிக அரிது. இதனைப் புற்றுநோய் எனப் பிழையாகக் கருதவும் கூடும் என்பதால், ஆய்வாளருக்கு மிகுந்த கவனம் வேண்டும்.

குவியும் காவலர்கள்

ஈயோசின் என்னும் செந்நிறச் சாயத்தை ஏற்கும் வெள்ளணுக்களை 1879இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக். ஈசினோஃபில்களாகிய இவை ஒட்டுண்ணிகளை எதிர்ப்பவை. இன்டர்லியூக்கின்-5 என்னும் வேதித்தூது இவற்றின் வாழ்நாளை நீட்டிக்கிறது. திசுவில் குவிந்த இவை வெளியிடும் நச்சுப் புரதங்கள் எபிதீலியத்தைப் புண்படுத்த, அழற்சி மேலும் வளர்கிறது. ஐரோப்பியரிடம் இவ்வகையே மிகுதி. சீனா, கொரியா முதலிய கிழக்காசிய நாடுகளில் நியூட்ரோஃபில்கள் மிகுந்த வகையும் கணிசமாகக் காணப்படுகிறது.

அறிந்து அளிக்கும் மருத்துவம்

பண்டைய கிரேக்க மருத்துவர்கள் கடற்பஞ்சைக் கயிற்றில் கட்டி, மூக்கின்வழி இழுத்து, இவ்வளர்ச்சியை அகற்றினர். ஆனால், வளர்ச்சியை அகற்றுவதால் மட்டும் அழற்சி அகல்வதில்லை. ஈசினோஃபில்கள் மிகுந்தவை அறுவைக்குப் பின்னும் மீண்டும் தோன்றும் இயல்புடையவை. எனினும், ஸ்டீராய்டு மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படுபவை. நியூட்ரோஃபில்கள் மிகுந்தவை அம்மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. இன்டர்லியூக்கின்-4, 13 ஆகியவற்றின் தூதைத் தடுக்கும் டூபிலுமாப் என்னும் மருந்துக்கு, இந்நோய்க்காக அமெரிக்கா 2019இல் ஒப்புதல் அளித்தது.

ஒரு பக்க மூக்கில் மட்டும் தோன்றும் வளர்ச்சியைத் திசு ஆய்வு செய்தல் இன்றியமையாதது. சதை வளர்ச்சிபோலத் தோன்றுவது வேறொரு கட்டியாகவும் இருக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவனவற்றை வேறுபடுத்தி அறிதலே நோய் தீர்க்கும் முதற்படியாகும்.

கற்பவை கற்றபின்

உடலைக் காக்கும் செல்களே உடலுக்குத் தீங்கு விளைவிக்கும் வேறு நோய்கள் குறித்து உயிரியல் ஆசிரியரிடம் கேட்டறிந்து, வகுப்பறையில் உரையாடுக.