வேலையும் வீடும்

திருநரை மூன்றாம் பாலினத்தவராக ஏற்று, 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே கேரள அரசு அவர்களுக்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. 2017ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓடத் தொடங்கிய கொச்சி மெட்ரோ, குடும்பஸ்ரீ என்னும் மகளிர் அமைப்பின் வழியாகத் திருநர் இருபதுக்கும் மேற்பட்டோரைத் தேர்ந்தெடுத்துப் பயணச்சீட்டு வழங்குதல், தூய்மைப்பணி முதலியவற்றில் அமர்த்தியது. நாடே பாராட்டிய முன்முயற்சி அது.

ஆயினும், சில நாள்களிலேயே அவர்களுள் சிலர் பணியிலிருந்து விலகினர். நகரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர உரிமையாளர் பலர் மறுத்ததே காரணம். தங்கும் விடுதிக்கு நாள்தோறும் கொடுத்த வாடகை ஊதியத்தை விழுங்கியது.

பணி ஆணை வழங்குவது நிறுவனத்தின் கடமை. பணி முடிந்து திரும்புவோர்க்கு இருப்பிடம் மறுக்காதிருப்பது ஊராரின் கடமை. இவ்விரண்டும் சேரும்போதே சமவாய்ப்பு நிலைபெறும்.