நூற்ற ஊரில் நூல் கற்ற பிள்ளைகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆலை என்றவுடன் புகைபோக்கியும் சங்கொலியும் நம் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்து நாட்டில், கிளைடு ஆற்றங்கரையிலுள்ள நியூ லானார்க் என்னும் ஆலையூரிலோ இன்று ஆற்றின் ஓசையே கேட்கிறது.

அருவியாய் இறங்கும் அவ்வாற்றின் விசையை நம்பி, டேவிட் டேல் என்பவர் 1786-இல் அங்கே பஞ்சு நூற்பைத் தொடங்கினார். வாய்க்கால் நீர் சக்கரங்களைச் சுழற்ற, சக்கரங்கள் எந்திரங்களை இயக்கின. ஆதரவற்ற சிறுவர்கள் பகலெல்லாம் உழைத்து இரவில் பாடம் படித்தனர்.

1800-இல் டேலின் மருமகன் இராபர்ட் ஓவன் நிர்வாகப் பொறுப்பேற்றார். பத்து வயது நிரம்பாதவரை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். 1816 சனவரி முதல் நாளில் தொழிலாளர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி நிலையம் திறந்தார். அங்கே பிரம்படி இல்லை. படங்களும் நிலப்படங்களும் ஆடலும் பாடலும் பாடத்தில் இடம்பெற்றன. ஊர்க்கடையின் இலாபம் பள்ளிக்கு உதவியது. எனினும், அமெரிக்கக் கண்டத்து அடிமைகள் விளைவித்த பஞ்சே அவ்வாலையில் நூலாயிற்று என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

1968-இல் ஆலை மூடப்பட்டது. சிதைந்து வந்த ஊரை 1974-இல் தோன்றிய அறக்கட்டளை சீர்செய்தது. 2001-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இன்று ஓர் ஆலைக் கட்டடம் தங்கும் விடுதி. பழைய குடியிருப்புகளில் மக்கள் வாழ்கின்றனர். ஆற்றோரம் நடந்தால் கோரா லின் அருவியைக் காணலாம்.

பன்னிரண்டு வயதில் ஆலைவேலைக்குச் சென்றவர் என் தாத்தா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆதலால், அருவியைக் காட்டிலும் அந்தப் பள்ளிக்கூடமே அவ்வூரில் காணத்தக்கது என்பேன்.