கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா?

கேள்வி: எம்.எல்.ஏ.க்களின் சம்பளத்தைச் சட்டசபையே உயர்த்திக்கொள்கிறது. எங்கள் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் எவ்வளவு? அதை யார் தீர்மானிக்கிறார்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். எம்.எல்.ஏ.க்களின் ஊதியத்தைச் சட்டசபையே சட்டமாக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 195ஆவது பிரிவு. மாமன்றத்துக்கு அந்த உரிமை இல்லை. உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் இருப்பதால், தொகையை நிர்ணயிப்பது கோட்டைதான்.

2023 ஜூலை முதல் தமிழக அரசு நிர்ணயித்த மாத மதிப்பூதியம்: மேயருக்கு 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000. நகராட்சி கவுன்சிலருக்கு 5,000; பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500.

இங்கிலாந்தில் வேறு முறை. அங்கே கவுன்சில்களே தங்கள் படியை முடிவு செய்யலாம். ஆனால் அதற்கு முன் சுயேச்சையான குழு ஒன்றின் பரிந்துரையைக் கேட்டாக வேண்டும். 2003ஆம் ஆண்டு விதிமுறை இது. பரிந்துரையை மீறலாம், மறைக்க முடியாது, வெளியிட்டே ஆக வேண்டும்.

நம் கவுன்சிலர்கள் தங்கள் கூலியைத் தாங்களே எழுதிக்கொள்ள முடியாதது நல்லதுதான். ஆனால் 2,500 ரூபாயில் வீட்டு வாடகைகூடக் கொடுக்க முடியாது. அப்படியானால் வசதி உள்ளவர்தானே தேர்தலில் நிற்பார்?