கீசருக்கு ஸ்மார்ட் சுவிட்சா? மாட்டும் முன்...

மதுரையில் மார்கழி விடிகாலைகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கீசரை மணிக்கணக்கில் ஓடவிட வேண்டியதே இல்லை; போனிலிருந்து நேரம் வைத்தால் போதும்.

1. 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கே வாங்குங்கள். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்; 6 ஆம்பியர் பிளக் சூடேறி உருகிவிடும். விலை குறைவு என்று அதைத் தொடவே வேண்டாம்.

2. சுவரில் பதிக்கும் சுவிட்ச் என்றால், பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய வீடுகளில் ஃபேஸ் மட்டுமே வரும். பல மாடல்கள் நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யாது.

3. கீசருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றவோ, நேர் இணைப்புக் கொடுக்கவோ விடாதீர்கள். பிளக்குக்கு நேரம்தான் தெரியும், தண்ணீரின் சூடு தெரியாது. 'இது எதுக்கு சார், அதான் போன்ல ஆஃப் ஆயிடுமே' என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

4. எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு பிரேக்கர்) இரண்டும் கட்டாயம். ஈரக் கையோடு நிற்கும் இடம்.

5. கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்' நிலையிலேயே இருக்கும்படி செயலியில் வையுங்கள். ஆளில்லாத வீட்டில் கீசர் தானாக ஓடாது.

6. 15 லிட்டர் கீசருக்குக் குளிக்கும் முன் 15 நிமிடம் தாராளம். அதற்கு மேல் ஆகிறதா? போர் தண்ணீரின் உப்பு காயிலில் வெள்ளையாகப் படிந்திருக்கலாம், சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

7. இன்வெர்ட்டர் லைனில் மட்டும் கொடுக்காதீர்கள். தாங்காது.